பழைய வேர்ட்பிரஸ் தளத்தை வெறும் ஹெச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றுவது: முகவரி உடையாமல், எழுத்து சிதையாமல்

#1 வேலியோரம்

வணக்கம். 2006-இல் தொடங்கிய தனித்தளம். 412 பதிவுகள், சுமார் 1,900 பின்னூட்டங்கள், 1.3 ஜிபி படங்கள். பாதி கவிதை, பாதி செடிகொடிக் குறிப்புகள். வேர்ட்பிரஸ் 4.9-இலேயே நிற்கிறது. தீம் எழுதியவர் அதைக் கைவிட்டுப் பல வருடம் ஆகிறது.

வழங்கி நிறுவனம் பிஎச்பி 8.2-க்கும் மைஎஸ்க்யூஎல் 8-க்கும் போய்விட்டது. தளம் திறந்தால் 500 பிழை. பிழைப்பதிவில் "கிரியேட் ஃபங்ஷன் என்ற செயல்கூறு இல்லை" என்று வருகிறது. கட்டுப்பாட்டுப் பலகையில் பிஎச்பியை 7.4-க்கு இறக்கினால் பக்கம் வருகிறது, ஆனால் தமிழ் முழுக்கக் குப்பை. ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று குறி: தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, வணிகக்குறி வட்டம், பிறகு வேறு ஏதாவது ஒன்று.

இனி எழுதப்போவது மாதம் ஒன்றிரண்டு பதிவுதான். தரவுத்தளமே இல்லாத வெறும் பக்கங்களாக மாற்றிவிட விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

#2 கடைசிமணி

முதல் வேலை: நிர்வாகப் பக்கத்தில் எந்தப் பதிவையும் திறந்து "சேமி" அழுத்தாதீர்கள். பின்னூட்டங்களையும் மூடிவிடுங்கள். இப்போதைய நிலையில் புதிதாக உள்ளே போகும் தமிழ், தரவுத்தள அட்டவணை லத்தீன்1 (மேற்கத்திய எழுத்துகளுக்கான பழைய குறியாக்கம்) ஆக இருந்தால், கேள்விக்குறிகளாகத்தான் பதிவாகும். குப்பையாகத் தெரிவதை மீட்கலாம், கேள்விக்குறி ஆனதை மீட்கவே முடியாது.

500 பிழைக்குக் காரணம் தெளிவு. அந்தச் செயல்கூறு பிஎச்பி 7.2-இல் "விரைவில் நீக்கப்படும்" பட்டியலுக்குப் போனது, 8.0-இல் நீக்கப்பட்டது. பழைய தீம்கள் விட்ஜெட் பதிவு செய்ய அதைத்தான் நம்பியிருந்தன. 7.4-க்கு இறங்கினால் ஓடும். ஆனால் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன, பொதுவெளியில் அதை ஓடவிடக் கூடாது. உங்கள் கணினியில் டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல ஓட்டும் கருவி) வைத்து 7.4-ஐ ஓட்டிக்கொள்ளுங்கள். பக்கங்களை எடுத்து முடிக்கும் வரை அது போதும்.

#3 வேலியோரம்

நன்றி. ஒரு சிறு பைத்தான் நிரலால் குப்பையைத் திருப்பிப் பார்த்தேன். யூனிகோடு சரத்தை சிபி1252 என்ற விண்டோஸின் மேற்கத்தியக் குறியாக்கத்துக்கு மாற்றி, யூடிஎஃப்-8 ஆக வாசிக்கும் நிரல். முதலில் பிழை கொடுத்தது. பிழைகளைப் புறக்கணிக்கச் சொன்னதும் ஓடியது. ஆனால் புள்ளிகள் எல்லாம் காணவில்லை, "முருங்கை" என்பது "மரஙகை" என்று வருகிறது. மற்ற எழுத்துகள் சரி. ஏன் இப்படி?

#4 எறும்புத்தடம்

அந்த நிரலின் வெளியீட்டைத் தூக்கிப் போடுங்கள், நண்பரே. அதில் போனது திரும்பாது. மூலத்திலிருந்து மறுபடி எடுக்க வேண்டும்.

யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். முதலாவது எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது 128-இலிருந்து 191-க்குள். அந்த மூன்று பைட்டையும் மூன்று தனி மேற்கத்திய எழுத்தாக வாசித்தால் நீங்கள் பார்க்கும் குப்பை வரும். சாய்கோட்டு ஏ என்பது 224. வணிகக்குறி வட்டம் என்பது 174.

சிபி1252 அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்களும் காலி. பைத்தான் அந்த இடங்களில் பிழை கொடுக்கும். இப்போது தமிழ்ப் பக்கத்திலிருந்து பாருங்கள். உகரக் குறியின் மூன்றாம் பைட் 129. புள்ளியின் மூன்றாம் பைட் 141. "ஏ"வுக்கு 143. "ஐ"க்கு 144. அதனால்தான் இந்த நான்கும் விழுகின்றன. "முருங்கை"யில் இரண்டு உகரமும் ஒரு புள்ளியும் போய் "மரஙகை" ஆனது. "ஏன்", "ஐந்து" என்ற சொற்களையும் பாருங்கள், முதலெழுத்தே இருக்காது.

மைஎஸ்க்யூஎல் "லத்தீன்1" என்று அழைப்பது உண்மையில் சிபி1252-தான். ஆனால் அந்த ஐந்து காலி இடங்களையும் அது விடாமல் அப்படியே கடத்துகிறது. ஆகவே மாற்றும் வேலையை நிரலிடம் கொடுக்காமல் மைஎஸ்க்யூஎல்லிடமே கொடுக்க வேண்டும்.

குப்பை வந்த காரணமும் இதோடு சேர்ந்ததுதான். வேர்ட்பிரஸ் 2.2-க்கு முன் தொடங்கிய தளங்களின் அமைப்புக் கோப்பில் தரவுத்தள எழுத்துக்குறி வரியே இருக்காது. அட்டவணை லத்தீன்1, இணைப்பும் லத்தீன்1. உள்ளே போன யூடிஎஃப்-8 பைட்டுகள் அப்படியே வெளியே வந்தன, யாருக்கும் தெரியவில்லை. மைஎஸ்க்யூஎல் 8-இல் இயல்புநிலை யூடிஎஃப்-8 எம்பி4 ஆனது. இணைப்பு மட்டும் மாறியது, அட்டவணை மாறவில்லை. வழியில் ஒரு தேவையற்ற மொழிபெயர்ப்பு நுழைந்துவிட்டது.

செய்ய வேண்டியது:

தரவுத்தளத்தை உரைக்கோப்பாக எடுக்கும் மைஎஸ்க்யூஎல்-டம்ப் கட்டளையில் இயல்பு எழுத்துக்குறித் தொகுதியை லத்தீன்1 என்று கொடுங்கள். கூடவே ஸ்கிப்-செட்-சார்செட் விருப்பத்தையும் சேருங்கள். வெளியீட்டைத் திசைமாற்றக் குறியால் எழுதாமல், ரிசல்ட்-ஃபைல் விருப்பத்தால் எழுதுங்கள். விண்டோஸ் பவர்ஷெல்லில் திசைமாற்றினால் கோப்பு யூடிஎஃப்-16 ஆகிக் கெடலாம்.

கோப்பைச் சாதாரண உரைத் தொகுப்பானில் யூடிஎஃப்-8 ஆகத் திறந்து பாருங்கள். தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. "முருங்கை", "ஏன்", "ஐந்து" மூன்றையும் தேடி உறுதி செய்யுங்கள்.

பிறகு அட்டவணை உருவாக்கும் வரிகளில் மட்டும் லத்தீன்1 என்பதை யூடிஎஃப்-8 எம்பி4 என்று மாற்றி, உங்கள் கணினியில் உள்ள மரியாடிபியில் (மைஎஸ்க்யூஎல்லோடு ஒத்துப்போகும் தரவுத்தளம்) ஏற்றுங்கள். அமைப்புக் கோப்பில் இல்லாத அந்த எழுத்துக்குறி வரியையும் சேருங்கள்.

யாராவது இடையில் அட்டவணையை யூடிஎஃப்-8-க்கு "மாற்றி" வைத்திருந்தாலும் இதே டம்ப் வேலை செய்யும். இரட்டைக் குறியாக்கம் ஒரு படி இறங்கிச் சரியாகும். சில வரிசைகள் சரியாகவும் சில குப்பையாகவும் கலந்திருந்தால் மட்டும் சிக்கல். சரியாக இருந்தவை லத்தீன்1 டம்பில் கேள்விக்குறி ஆகும். அப்போது இரண்டு வகையிலும் டம்ப் எடுத்து, பதிவு எண் பார்த்து நல்லதைப் பொறுக்க வேண்டும்.

#5 வேலியோரம்

மூன்று சொல்லும் சரியாக வந்தன. 412 பதிவும் நன்றாக இருக்கின்றன. டாக்கரில் தளம் ஓடுகிறது. அடுத்து?

#6 சுண்ணாம்புக்கல்

இப்போது டபிள்யூகெட், அதாவது தளத்தின் பக்கங்களை இறக்கும் கட்டளைக் கருவி. இணையத்தில் எல்லோரும் சொல்லும் கட்டளையை அப்படியே ஒட்டாதீர்கள். அதில் இரண்டு விருப்பங்கள் உங்களுக்குக் கேடு.

ஒன்று இணைப்புகளை மாற்றி எழுதும் கன்வர்ட்-லிங்க்ஸ். மற்றது கோப்புப் பெயரில் ஹெச்டிஎம்எல் என்று ஒட்டும் அட்ஜஸ்ட்-எக்ஸ்டென்ஷன். இவை குறுந்தட்டில் போட்டுப் படிக்க வசதியானவை. அதே ஆட்களப்பெயரில், அதே முகவரிகளில் வைக்கப்போகிறோம் என்றால் இரண்டும் வேண்டாம். உங்கள் நிரந்தர முகவரி சாய்கோட்டில் முடிகிறது என்றால் டபிள்யூகெட் அந்தப் பெயரில் ஒரு கோப்புறை போட்டு உள்ளே இண்டெக்ஸ் கோப்பை வைக்கும். எந்த வழங்கியும் அந்த முகவரிக்கு அந்தக் கோப்பைத்தான் கொடுக்கும். இணைப்புகளைத் தொடவே வேண்டாம்.

தொடங்கும் முன்:

உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் தளத்தின் ஆட்களப்பெயரை 127.0.0.1-க்குத் திருப்புங்கள். அப்போதுதான் தரவுத்தளத்தில் முகவரியைத் தேடி மாற்றும் வேலை இல்லை. தேடி மாற்றப் போனால் விட்ஜெட் அமைப்புகள் உடையும், ஏனெனில் பிஎச்பி அந்தச் சரங்களின் பைட் நீளத்தையும் சேர்த்தே எழுதிவைக்கிறது.

படங்களைத் தாமதமாக ஏற்றும் செருகுநிரல் இருந்தால் அணைத்துவிடுங்கள். டபிள்யூகெட் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது, அதனால் அந்தப் படங்களைப் பார்க்கவே பார்க்காது.

பின்னூட்டப் படிவம், தேடல் பெட்டி, நுழைவு இணைப்பு மூன்றையும் தீமிலிருந்தே எடுத்துவிடுங்கள். 412 பக்கத்தில் பின்னால் வெட்டுவதைவிடத் தீமில் மூன்று வரி வெட்டுவது எளிது.

கட்டளையில் மிரர் (முழுத்தளத்தையும் நகலெடுக்க), பேஜ்-ரெக்விசிட்ஸ் (பக்கத்துக்கு வேண்டிய படம், நடைத்தாள்), நோ-பேரண்ட் (மேல் கோப்புறைக்குப் போகாமலிருக்க). இவற்றோடு ரிஜெக்ட்-ரெஜெக்ஸ் கொடுத்து, ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் வேர்ட்பிரஸ் உண்டாக்கும் "மறுமொழி" வினா முகவரிகளை விலக்குங்கள். விலக்காவிட்டால் 1,900 பின்னூட்டமும் 1,900 நகல் பக்கமாக இறங்கும்.

தமிழ் முகவரி உள்ளவர்கள் மறக்கக் கூடாதது ரெஸ்ட்ரிக்ட்-ஃபைல்-நேம்ஸ் என்ற விருப்பம். அதற்கு "நோகண்ட்ரோல்" என்ற மதிப்பைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் டபிள்யூகெட் 128 முதல் 159 வரையுள்ள பைட்டுகளைக் கட்டுப்பாட்டுக் குறிகள் என்று எடுத்துக்கொண்டு விழுக்காட்டுக் குறியாக எழுதிவிடும். "க"வின் மூன்றாம் பைட் 149, மாட்டிக்கொள்ளும். "ம"வின் மூன்றாம் பைட் 174, தப்பித்துவிடும். பாதி தமிழ், பாதி விழுக்காடு என்று கோப்புறைப் பெயர் கிழிந்து நிற்கும், வழங்கியால் கண்டுபிடிக்க முடியாது.

இறங்கிய பிறகு ஒரு தொல்லை: நடைத்தாள் கோப்பின் பெயர் கேள்விக்குறியும் பதிப்பு எண்ணும் ஒட்டியபடி வட்டில் இருக்கும். வழங்கி கேள்விக்குறிக்குப் பின்னுள்ளதைக் கழித்துவிட்டுத் தேடும், கிடைக்காது, பக்கம் நிர்வாணமாக வரும். அந்தக் கோப்புகளின் பெயரிலிருந்து கேள்விக்குறி முதல் கடைசி வரை வெட்டிவிடுங்கள். படங்களுக்கு டபிள்யூகெட்டை நம்பாமல் அப்லோட்ஸ் கோப்புறையை ஆர்சிங்க் என்ற நகலெடுப்புக் கருவி வைத்து நேரடியாக நகலெடுங்கள்.

#7 நடுப்பகல்

சுண்ணாம்புக்கல் சொல்வது நின்றுபோன தளத்துக்குப் பொருந்தும். இவர் மாதம் இரண்டு எழுதப்போகிறார். மிரர் எடுத்த பக்கத்தில் தீமின் தலைப்பகுதியும் பக்கப்பட்டையும் 412 முறை திரும்ப எழுதப்பட்டிருக்கும். நாளை ஒரு இணைப்பை மாற்ற வேண்டும் என்றால் 412 கோப்பில் மாற்ற வேண்டும். ஹ்யூகோ போன்ற, உரைக்கோப்புகளிலிருந்து தளத்தை ஆக்கும் கருவிக்கு எல்லாப் பதிவையும் மார்க்டவுனாக (எளிய குறிகள் கொண்ட உரை வடிவம்) மாற்றிவிடுவதே நீடிக்கும் வழி.

ஆனால் கவிதை இருக்கிறது என்பதால் எச்சரிக்கை தேவை. வேர்ட்பிரஸ் தரவுத்தளத்தில் பத்திக் குறி இல்லை, வெற்று வரிதான் இருக்கிறது. காட்டும்போதுதான் பத்தியும் வரிமுறிவும் சேர்க்கிறது. மார்க்டவுனோ ஒற்றை வரிமுறிவை இடைவெளியாகவே எடுத்துக்கொள்ளும். நான்கடி வெண்பா ஒரே அடியாக ஒட்டிக்கொள்ளும். ஹ்யூகோவில் மார்க்டவுனை வாசிக்கும் கோல்ட்மார்க்கின் அமைப்பில் ஹார்ட்ராப்ஸ் என்பதை இயக்கினால் வரி வரியாகவே நிற்கும். வெற்று வரிக்குப் பின் நான்கு இடைவெளி தள்ளித் தொடங்கும் அடிகள் நிரல்துண்டாக மாறிவிடும், அவற்றைத் தனியாகத் தேடுங்கள். "1947." என்று எண்ணும் புள்ளியுமாகத் தொடங்கும் பத்தி எண்ணிட்ட பட்டியலாகிவிடும், அங்கே புள்ளிக்கு முன் ஒரு பின்சாய்கோடு போடுங்கள். சதுர அடைப்பில் இருக்கும் படவிளக்க, படத்தொகுப்புச் சுருக்குக் குறிகளும் அப்படியே வெளியே தெரியும்.

#8 சுண்ணாம்புக்கல்

நடுப்பகல் எழுதியதைப் படித்தாலே தெரிகிறது, 412 பதிவையும் கண்ணால் சரிபார்க்க வேண்டிவரும். அதுவும் பாதி கவிதை. அடி பிசகினால் கவிதை பிசகியதுதான்.

இரண்டையும் பிரித்துக்கொள்ளலாமே. பழைய 412 பக்கமும் உறைந்தபடி ஹ்யூகோவின் ஸ்டேடிக் கோப்புறைக்குள் போகட்டும். ஹ்யூகோ அதைத் தொடாமல் அப்படியே வெளியீட்டில் வைக்கும். புதிய பதிவுகளை மட்டும் மார்க்டவுனில் எழுதுங்கள். முகப்புப் பட்டியலுக்குப் பழைய பதிவுகளின் தேதி, தலைப்பு, முகவரி மூன்றையும் ஒரு தரவுக் கோப்பாகக் கொடுத்தால் போதும். பக்கப்பட்டையை மிரர் எடுப்பதற்கு முன்பே தீமிலிருந்து நீக்கிவிட்டால் 412 இடத்தில் மாற்றும் தேவையும் வராது.

#9 நடுப்பகல்

இந்தக் கலப்பு முறையை ஏற்கிறேன். இவருடைய தளத்துக்கு இதுவே சரி. செடிகொடிக் குறிப்புகளில் அடிக்கடி திருத்த வேண்டியவை இருந்தால் அவற்றை மட்டும் மார்க்டவுனுக்குக் கொண்டுவரலாம்.

#10 வேலியோரம்

அப்படியே செய்கிறேன். இரண்டு கேள்வி. 2009 வரை என் முகவரிகள் கேள்விக்குறி, பி, எண் என்ற வடிவில் இருந்தன. மற்றவர்கள் அதற்குத்தான் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அவை என்ன ஆகும்? இலவச வழங்கியில் 1.3 ஜிபி போகுமா?

#11 கடைசிமணி

வேர்ட்பிரஸ் ஓடும்வரை அந்தத் திருப்பலை அதுவே செய்துகொண்டிருந்தது. வெறும் பக்கங்களில் அது நின்றுவிடும், கேள்விக்குறிக்குப் பின் என்ன இருந்தாலும் முகப்புதான் வரும். டாக்கரை அணைக்கும் முன் தரவுத்தளத்தின் பதிவு அட்டவணையிலிருந்து வெளியான பதிவுகளின் எண்ணையும் முகவரித் துண்டையும் எடுத்து வையுங்கள்.

சொந்த வழங்கியில் என்ஜின்எக்ஸ் என்ற வழங்கி மென்பொருள் இருந்தால் மேப் தொகுதியில் எண்ணுக்கு எதிரே பாதையை விழுக்காட்டுக் குறியாக்கத்தில் எழுதி, ரிட்டர்ன் வரியால் 301 (நிரந்தரத் திருப்பல்) கொடுங்கள். ரீரைட் வரி பழைய வினாப்பகுதியைப் பின்னால் ஒட்டிவிடும், ரிட்டர்ன் ஒட்டாது. இலவச வழங்கிகளில், கிட்ஹப் பேஜஸில் திருப்பல் விதியே இல்லை, கிளவுட்ஃப்ளேர் பேஜஸின் திருப்பல் கோப்பால் வினாப்பகுதியைப் பொருத்த முடியாது. அங்கே முகப்பில் பத்து வரி ஜாவாஸ்கிரிப்ட் வைத்து எண்ணைப் படித்து அனுப்புவதே எளிய வழி.

அளவு: கிட்ஹப் பேஜஸில் தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் இலவசத் திட்டத்தில் 20,000 கோப்பு, ஒரு கோப்பு 25 எம்பிக்குள். உங்கள் 1.3 ஜிபியில் கணிசமான பகுதி வேர்ட்பிரஸ் தானே வெட்டிய சிறு நகல்களாக இருக்கும். ஒரு படத்துக்கு நான்கைந்து இருக்கும். இறங்கிய பக்கங்களில் எந்தெந்தப் படக்கோப்பு உண்மையில் குறிப்பிடப்படுகிறது என்று பட்டியல் எடுத்து, பட்டியலில் இல்லாத சிறு நகல்களை மட்டும் நீக்குங்கள். மூலப்படங்களைத் தொடாதீர்கள், வெளியிலிருந்து யாராவது நேரடியாக இணைத்திருக்கலாம்.

இன்னொன்று, இதில் மெத்தனம் கூடாது. தரவுத்தள டம்பைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிடாதீர்கள். அதில் பின்னூட்டமிட்ட ஒவ்வொருவரின் மின்னஞ்சலும் ஐபி முகவரியும் இருக்கின்றன. பக்கங்களில் உள்ள கிராவதார் முகப்படங்களையும் நீக்குங்கள். அந்தப் பட முகவரியில் இருப்பது மின்னஞ்சலின் எம்டி5 சுருக்கம், ஊகித்த முகவரியோடு ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடிக்க முடியும்.

#12 வேலியோரம்

பழைய அணுகல் பதிவிலிருந்தும் பதிவுப் பட்டியலிலிருந்தும் முகவரிகளை எடுத்து, கர்ல் என்ற கட்டளைக் கருவி வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். 1,140 முகவரியில் 38-க்கு 404 (பக்கம் இல்லை). அதில் 31 முகவரிகள் நான் கையால் மார்க்டவுனுக்கு மாற்றிய செடிக் குறிப்புகள், நீளமான தமிழ்த் தலைப்பு உள்ளவை. மிச்சம் 7, "கொ", "தோ" போன்ற எழுத்து உள்ளவை.

#13 எறும்புத்தடம்

இரண்டும் வெவ்வேறு நோய்.

அந்த 31: வேர்ட்பிரஸ் முகவரித் துண்டை விழுக்காட்டுக் குறியாக்கத்தில் 200 எழுத்தோடு வெட்டிவிடுகிறது. ஒரு தமிழ்க் குறிக்கு 9 இடம். ஆக 22 குறிக்கு மேல் போகாது. "முருங்கைக்கீரை பறிக்கும் பருவம்" என்ற தலைப்பை எண்ணிப் பாருங்கள். "முருங்கைக்கீரை" 14 குறி, 126 இடம். இடைவெளி 1. "பறிக்கும" வரை 8 குறி, 72 இடம். மொத்தம் 199. கடைசிப் புள்ளிக்கு இடமில்லை. எனவே உங்கள் பழைய முகவரி "பறிக்கும" என்று புள்ளியில்லாமல் முடிகிறது. ஹ்யூகோ தலைப்பிலிருந்தோ கோப்புப் பெயரிலிருந்தோ முழுச்சொல்லாக முகவரி உண்டாக்கியிருக்கும். தரவுத்தளத்தில் இருக்கும் துண்டையே எடுத்து பதிவுக் கோப்பின் தலையிலுள்ள முன்குறிப்பில் யூஆர்எல் புலத்தில் முழுப்பாதையாக எழுதுங்கள், பிழையான வடிவமாகத் தோன்றினாலும் திருத்தாதீர்கள். உலகம் இணைத்திருப்பது அந்த வடிவத்தைத்தான்.

பைத்தான் நிரலால் முகவரித் துண்டு உண்டாக்குபவர்களுக்கு: அதன் ஒழுங்குக்கோவையில் (ரெஜெக்ஸ்) "சொல்லெழுத்து" என்ற வகுப்பில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் சேராது. "தமிழ்" என்பது "தம", "ழ" என்று இரண்டாக உடையும்.

அந்த 7: ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் சேர்த்து இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பைட் வேறு. பழைய மேக் கோப்பு முறைமை எல்லாப் பெயரையும் பிரித்தே வைக்கும். அந்தக் கணினி வழியாகப் போன கோப்புறைகளை லினக்ஸ் வழங்கி வேறு பெயராகவே பார்க்கும். கன்வ்-எம்வி என்ற கருவியில் என்எஃப்சி விருப்பம் கொடுத்தால் ஒட்டிய வடிவத்துக்குத் திரும்பும். முதலில் வெறுமனே ஓட்டினால் என்ன மாறும் என்று மட்டும் காட்டும், பார்த்துவிட்டு நோ-டெஸ்ட் சேர்த்து ஓட்டுங்கள். மாற்றிய பின் அதே 7-ஐயும் மறுபடி சோதியுங்கள். பழைய முகவரியே பிரிந்த வடிவில் இருந்திருந்தால் அதற்கு மட்டும் தனியாக ஒரு திருப்பல் வேண்டும்.

#14 வேலியோரம்

31-உம் சரி. 7-இல் 6 சரியாகிவிட்டன. ஒன்று நீங்கள் சொன்னபடி மூலத்திலேயே பிரிந்த வடிவம், அதற்குத் திருப்பல் வைத்துவிட்டேன். இனி டிஎன்எஸ் மாற்றலாமா?

#15 கடைசிமணி

ஒரு நாள் முன்பே டிஎன்எஸ் பதிவை மற்றவர்கள் நினைவில் வைக்கும் நேரமான டிடிஎல் மதிப்பை 300 நொடிக்கு இறக்குங்கள். பெயர்வழங்கியையே மாற்றுவதாக இருந்தால் பழைய இடத்தில் உள்ள, மின்னஞ்சலுக்கு வேண்டிய எம்எக்ஸ் பதிவையும் எஸ்பிஎஃப் உள்ள டெக்ஸ்ட் பதிவையும் புதிய இடத்தில் முதலில் எழுதிவிட்டு மாற்றுங்கள். தளம் நன்றாக வந்துவிடும், மின்னஞ்சல் நின்றது மூன்று நாள் கழித்துத்தான் தெரியும்.

ஓடை (ஆர்எஸ்எஸ்) முகவரியையும் பாருங்கள். மிரரில் அது இண்டெக்ஸ் ஹெச்டிஎம்எல் என்ற பெயரில் இறங்கியிருக்கும், எக்ஸ்எம்எல் வகையாக வழங்கும்படி அமையுங்கள். புதிய ஓடையில் பழைய பதிவுகளைச் சேர்த்தால் அவற்றின் அடையாளக் குறியாக வேர்ட்பிரஸ் கொடுத்த பழைய மதிப்பையே வையுங்கள், மாற்றினால் வாசிப்பான்களில் எல்லாம் புதிய பதிவாகக் கொட்டும்.

பழைய வழங்கியை ஒரு மாதம் வைத்திருங்கள். அந்த மாதம் முழுக்க 404 பதிவை வாரம் ஒருமுறை பாருங்கள். நுழைவுப் பக்கத்தையும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கோப்பையும் தேடி வரும் தானியங்கிகளை விட்டுவிட்டு, மிச்சம் வரும் முகவரிகளை மட்டும் இங்கே போடுங்கள்.